நாப்பது கட்டையும் ஒரு கப்பலும்

என்ட தம்பி அஸ்ஜத் என்ன வேலை செய்யிறான் எண்டு ஆராவது கேட்டா, "சினிமாவில இருக்கிறத அழிக்கிறான், இல்லாதத வைக்கிறான்" எண்டு சொல்லுவன். கேட்டவங்க ஒரு மாதிரிப் பாப்பாங்க. அதுக்கு மேல விளங்கப்படுத்த எனக்கும் தெரியா, இந்த ஹாஜராவுக்குத் தெரிஞ்சது உப்பு மட்டும் தான்.

அவன் கொழும்புக்குப் போய் பன்னெண்டு வருஷம். முதல் நோன்புப் பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தப்போ கண் ரெண்டும் சிவந்து வீங்கியிருந்திச்சு. என்னடா செஞ்ச எண்டு கேட்டா, ஒரு படத்தில கதாநாயகன் மாடியில இருந்து குதிக்கிறானாம். இடுப்பில கட்டின கயிறு தெரியுதாம். அந்தக் கயிற இவன் கம்பியூட்டர்ல ஒவ்வொரு படமா அழிச்சானாம். பதினொரு நாள். அவன் குதிச்சது நாலு செக்கன். "கயிறு கட்டாமக் குதிக்கச் சொல்லியிருந்தா இந்தக் கரைச்சலே இல்லியே" எண்டன். அவன் சிரிக்கல்ல.

கயிறு அழிச்சான், பிறகு மேகம் ஒட்டினான், பிறகு மலேசியாவுக்குப் போய் ரெண்டு வருஷம் மழை பெய்ய வச்சான். திரும்பி வந்து ஒரு நாள், "ராத்தா, நான் இப்ப சுப்பவைசர்" எண்டான். எங்கட பக்கத்தில சுப்பவைசர் எண்டா, உப்பு அள்ளுற நேரம் வரம்பில குடையப் பிடிச்சுக்கிட்டு நிண்டு சத்தம் போடுற மனிசன். "குடை தந்தாங்களா?" எண்டு கேட்டன். குடை தரல்லியாம். ரெண்டு பந்து தந்திருக்காங்க. ஒண்டு சாம்பல் நிறம், மத்தது முகம் பாக்கலாம், அப்படிப் பளபளப்பு. படம் பிடிக்கிற இடத்தில எல்லாம் அதைக் கோல்ல குத்திப் பிடிச்சு போட்டோ எடுப்பானாம். வெளிச்சம் எந்தப் பக்கத்தால வருதெண்டு தெரியணுமாம். அண்ணாந்து பாத்தா சூரியன் தெரியாதா? இதுக்குப் பன்னெண்டு வருஷப் படிப்பு.

இந்த வேலையால எங்கட வீட்டுக்கு வந்த நஷ்டமும் கொஞ்சநஞ்சமில்ல. முப்பத்தி நாலு வயசாகியும் நிக்காஹ் முடியல்ல. பொம்புளட போட்டோ வந்தா, போன்ல பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்பான். எனக்கும் மனசு குளிரும், பிடிச்சிருக்கு போல எண்டு. கடைசியில, "ராத்தா, இந்த ரோசாத் தோட்டம் ஒட்டினது. நிழல் அந்தப் பக்கம் விழுது, மூக்கில வெளிச்சம் இந்தப் பக்கம்" எண்டுவான். பொம்புள எப்படிடா எண்டா, "பொம்புளய நான் பாக்கல்லியே" எண்டுவான். மூணு சம்பந்தம் இப்படிப் போச்சு. மூணாவது வீட்டுக்காரருக்கு முன்னாலயே சொல்லிட்டான், அந்தப் போட்டோவ எடுத்தது பொம்புளட மாமாவாம்.

போன ஓகஸ்ட்ல ஒரு நாள் போன் எடுத்தான்.  ஒரு முழுப் படத்துக்கும் அவன்தான் சுப்பவைசராம், ஆனா இன்னும் முடிவில்லியாம். பழைய காலத்துக் கதை. பாய்மரக் கப்பல் ஒண்டு கரையில ஏறித் தட்டி நிக்கிற காட்சிய முதல்ல எடுப்பாங்களாம். அந்தக் காட்சி சரியா வந்தா முழுப் படமும் அவனுக்கு. பிழைச்சா, எல்லா வேலையையும் வெளிநாட்டுக் கம்பனி ஒண்டுக்குக் குடுத்துருவாங்களாம். "எனக்கு இப்படியொண்டு இன்னொருக்கா வராது ராத்தா" எண்டான். துஆ கேக்கிறன் எண்டு சொன்னன். உண்மையாவே கேட்டன், அஞ்சு நேரமும்.

"எங்க எடுக்கிறாங்க?" எண்டு கேட்டன்.

"கல்பிட்டிக் கடற்கரையில." கொஞ்சம் இழுத்தான். "ராத்தா, குறை நினைக்க வேணாம். நீங்க அங்க வரப்படாது. வேலையில எல்லாரும் என்ன சேர் எண்டு கூப்பிடுறாங்க. நீங்க வந்து தம்பி எண்டு ஒருக்காக் கூப்பிட்டாப் போதும், அந்த நிமிஷமே எனக்கு எட்டு வயசாகிரும்."

எனக்கு ஏறிச்சு பாருங்க கோவம். "நீ நிக்கிற திசைக்கே நான் தலை வச்சுப் படுக்க மாட்டன். வழியில கண்டாலும் ஆரு மாத்தயா நீங்க எண்டு கேப்பன்" எண்டு போன வச்சிட்டன். சோறு தின்ன மனமில்லாம ரெண்டு நேரம் இருந்தன். மூணாம் நேரம் பசிச்சிச்சு.

இப்ப என்ட உப்பப் பத்திச் சொல்லணும். பாலாவிக்கு இந்தப் பக்கம், கடல் தண்ணி உள்ள வந்து நிக்கிற களப்போரமா எங்களுக்கு ஒரு உப்பு வாய்க்கால் இருக்கு, உப்பளத்த நாங்க அப்படித்தான் சொல்லுவம், ஆறு பாத்தி. பக்கத்தில நஜாத் நானாட வாய்க்கால். வாப்பாட தென்னங்காணி போனதுக்குப் பிறகு எங்களுக்கு மிச்சம் இது மட்டும் தான். அந்தக் காணி எப்படிப் போச்சு தெரியுமா? ஒரு நாள் விடிய எழும்பிப் பாத்தா, காணிக்குள்ள கட்டை அடிச்சிருந்தாங்க, தலையில ஒறேஞ்சு ரிபன் கட்டின கட்டை. "கவண்மேந்து அளக்குது போல, அளந்துட்டுப் போகட்டும்" எண்டு வாப்பா பேசாம இருந்தார். அடுத்த வருஷம் கம்பி வேலி. அதுக்கடுத்த வருஷம் வெள்ளைக்காரங்க படுத்து வெயில் காயிற கதிரை. எல்லை எது, கட்டை எங்க நிண்டிச்சு எண்டு வழக்கில கேட்டாங்க. சொல்ல எங்ககிட்ட ஒரு அத்தாட்சியும் இல்ல. வாப்பா அந்த ஏக்கத்திலயே மௌத்தானார். அண்டையிலிருந்து எனக்கு ஒரே ஒரு சட்டம். ரிபன் கட்டின கட்டையக் கண்டா, புடுங்கு.

ரெண்டு நாள் வாய்க்கால் பக்கம் போகாம இருந்திட்டு, ஒரு வியாழக்கிழமை சுபஹு தொழுதிட்டுப் போனன். வெளிச்சம் அப்பதான் விழுது. பாத்தியெல்லாம் வெள்ளை வெளேரெண்டு உப்பு விளைஞ்சு கிடக்கு. அதுக்குள்ள, யா அல்லாஹ், ஒறேஞ்சு ரிபன்! ஒண்டில்ல, ரெண்டில்ல. என்ட பாத்தியில, நஜாத் நானாட பாத்தியில, வரம்பில, களப்போரத்தில, பாக்கிற பக்கமெல்லாம் கட்டை.

எனக்குக் கண் இருண்டிச்சு. பிறகு ஒரு வெறி வந்திச்சு பாருங்க. சீலைய இடுப்பில சொருகிக்கிட்டு இறங்கினன். புடுங்கினன். வாப்பாட பேரச் சொல்லிப் புடுங்கினன். கட்டை அடிச்சவன்ட ஏழு தலைமுறையையும் ஏசி ஏசிப் புடுங்கினன். அரை மணித்தியாலத்தில எல்லாத்தையும் கட்டாக் கட்டி வரம்பில போட்டுட்டு, அதுக்கு மேலயே ஏறி இருந்தன். வாங்கடா, இண்டைக்கு எவன் வாறான் எண்டு பாப்பம்.

வந்தாங்க. மூணு வான், ஒரு லொறி. முதல் வானால இறங்கினவன் கழுத்தில அட்டை தொங்குது, தினுஷன் எண்டு பேர் போட்டிருக்கு. என்னையும் நான் இருக்கிற கட்டையையும் கண்டவுடனே தலையில கைய வச்சான். முதல்ல சிங்களத்தில கத்தினான், பிறகு தமிழ்ல. "அம்மா! இது எங்கட கம்பனிச் சாமான்! நஜாத் ஹாஜியார் ரெண்டு வாய்க்காலுக்கும் பேமிஷன் தந்தவர்! நான் பொலிசுக்கு அறிவிப்பன்!"

"அறிவி. காணி உறுதி என்ட அலுமாரியில இருக்கு. நஜாத் நானா என்ட வாய்க்காலுக்கு பேமிஷன் குடுக்க அவர் என்ன எனக்கு வாப்பாவா?" எண்டன்.

அப்பதான் ரெண்டாவது வானால அஸ்ஜத் இறங்கினான். கையில ஒரு கோல். கோல்ட நுனியில ஒரு பளபளக்கிற பந்து.

கதை எனக்குப் பிறகுதான் தெரிய வந்திச்சு. கல்பிட்டியில காத்துக் கூடி, பறக்கிற கமெராவ ஏத்த ஏலாம, முந்தின நாள் பின்னேரம் தான் இடத்த மாத்தியிருக்காங்க. கடலுக்குப் பதிலா உப்பு வெளியில கப்பல் தட்டி நிண்டா இன்னும் நல்லாயிருக்கும் எண்டு டைரக்டருக்குத் தோணியிருக்கு. பொழுது படுற நேரம் இவன் கட்டை அடிச்சிருக்கான், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல. சொன்னா வந்து நிண்டுருவன் எண்டு பயம். சொல்லாததால வந்து புடுங்கியே வச்சிட்டன்.

டைரக்டர் நிக்கொலஸ் எண்டு சிலாபத்து மனிசன். வயிறு முன்னால, தொப்பி பின்னால. ஆறுதலா நடந்து வந்து வெறும் பாத்தியப் பாத்தார். "அஸ்ஜத், உங்கட நாப்பது கட்டையும் எங்க?"

அஸ்ஜத் என்ட பக்கம் திரும்பினான். என்ன ஒரு பார்வை பாத்தான். சின்ன வயசில பள்ளிக்கூடத்தில சட்டையக் கிழிச்சிட்டு வந்து நிண்டா இப்படித்தான் பாப்பான்.

"இந்த அம்மா ஆரு? உங்களுக்குத் தெரிஞ்சவவா?" எண்டு டைரக்டர் கேட்டார்.

நான் யோசிச்சன். சொந்த ராத்தாவே வேலையக் கெடுத்தா எண்டு தெரிஞ்சா, இவன ஆரு சுப்பவைசர் எண்டு மதிப்பான்? ஊர்ப் பொம்புளை ஒருத்தி பைத்தியத்தில புடுங்கிட்டா எண்டா, அது அவன்ட பிழையில்லியே. எழும்பி நிண்டு சொன்னன்: "இந்த மாத்தயாவ எனக்குத் தெரியா. நான் கண்டதே இல்ல."

சொல்லிட்டுத்தான் அவன்ட முகத்தப் பாத்தன். நான் சோறூட்டின வாயிது, நான் தலை சீவி விட்ட தலையிது.

அஸ்ஜத் கோல வரம்பில குத்தி நிப்பாட்டினான். "இது என்ட ராத்தா சேர். என்ன வளத்தவ. கட்டை அடிக்கிறதுக்கு முந்தி அவகிட்டச் சொல்லாம விட்டது நான். பிழை என்ட."

"அவவுக்கு உங்களத் தெரியாதாமே?"

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னன். அதுவும் என்ட பிழை."

 எனக்கு அழுகை வந்திட்டு, மறைக்கல்ல, முக்காட்டால துடைச்சன். டைரக்டர் மணிக்கூட்டப் பாத்தார். "சூரியன் அந்தத் தென்னைக்கு மேல வந்தா காத்தும் வந்திடும். நடிக்கிற பிள்ளை பின்னேரம் பிளேன் ஏறுது. முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு அஸ்ஜத். ஏலாட்டி நான் புரொடியூசருக்கு போன் எடுக்கத்தான் வேணும். கோவிச்சுக்கப்படாது."

அந்தக் கட்டையில அப்படி என்ன இருக்கு எண்டு நீங்க கேப்பீங்க. அவன் எனக்கு அவசர அவசரமாச் சொன்னத அப்படியே சொல்றன். உப்பு வெளி முழுக்க ஒரே வெள்ளை. கமெரா மேலால பறந்து போறப்போ, எது எங்க இருக்கு எண்டு கம்பியூட்டருக்குப் பிடிபடாது. அளந்து அடிச்ச கட்டை இருந்தா அதப் பிடிச்சுக்கிட்டு கப்பல ஒரே இடத்தில நிப்பாட்டலாம். இல்லாட்டி கப்பல் சோப்பு நுரையில வச்ச மாதிரி வழுக்கிக்கிட்டே இருக்கும். படம் எடுத்து முடிஞ்சாப் பிறகு அந்தக் கட்டையெல்லாத்தையும் அவனே அழிப்பானாம்.

"அடிக்கிறதும் நீ, அழிக்கிறதும் நீ. இடையில நான் புடுங்கினது மட்டும் குத்தமா?" எண்டன். என்ட வாய் சும்மா கிடக்காது.

"ராத்தா!"

"சரி, சரி. ஓட்டை எல்லாம் அப்பிடியே இருக்கு. எங்க எங்க புடுங்கினன் எண்டு எனக்குத் தெரியும். உன்ட ஆக்கள் சப்பாத்தோட இறங்கினா உப்பு வெடிக்கும். நானே இறங்குறன்."

ஒவ்வொரு கட்டைக்கும் அடியில நம்பர் எழுதியிருந்தான். அவன்ட கையில ஒரு படம், எந்த நம்பர் எங்க எண்டு. அவன் நம்பரச் சொல்லுவான், ஓட்டையில நான் கட்டைய இறக்குவன், மூணு கால் மிசின் ஒண்டுக்குப் பின்னால நிண்டு அவன் அளப்பான். நான் அவன் வேலை செஞ்சு கண்டதில்ல. அண்டைக்குத்தான் கண்டன். முப்பது பேர் அவன்ட வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. "இடது பக்கம் அரை அங்குலம்" எண்டான், அரை அங்குலம் தள்ளினன். "கைய எடுங்க, உங்கட நிழல் விழுது" எண்டான், எடுத்தன். இந்த ஊர்ல எனக்குக் கைய எடு எண்டு சொன்னவன் இன்னும் பிறக்கல்ல. இருபத்தி மூணாம் நம்பருக்கு நான் என்ட பாட்டில ஒரு ஓட்டையில இறக்கப் போனன். "அது இல்ல. பக்கத்து ஓட்டை" எண்டு கத்தினான்.

"சரி சேர்" எண்டன். பகிடிக்குச் சொல்லல்ல, வாயில தானா வந்திச்சு.

நாப்பதாம் கட்டைய இறக்கினப்போ சூரியன் தென்ன மட்டைக்குள்ள வந்திட்டு. என்ட கையில இன்னும் ஒரு கட்டை மிச்சம். "இது?" எண்டு கேட்டன். "லிஸ்ட் முடிஞ்சுது ராத்தா, அத வச்சிட்டு வெளிய வாங்க, கெதியா!" எண்டான்.

கமெரா தும்பி மாதிரி இரைஞ்சுக்கிட்டுப் பறந்திச்சு. பழங்காலத்து உடுப்புப் போட்ட பிள்ளை வரம்பில நடந்திச்சு, நிண்டிச்சு, ஒண்டுமில்லாத வானத்த அண்ணாந்து பாத்துப் பயந்திச்சு. நல்லாத்தான் பயந்திச்சு. ரெண்டு தரம் எடுத்தாங்க. மூணாம் தரத்துக்கு முந்திக் காத்து வந்திட்டு.

பிறகு அஸ்ஜத் வானுக்குள்ள கம்பியூட்டரோட ஏறிக் கதவச் சாத்தினான். நான் வெளிய நிண்டு தஸ்பீஹ மணி மணியா உருட்டினன். தினுஷன் எனக்கு பிளேன்டியும் மாரி பிஸ்கட்டும் கொண்டு வந்து தந்தான். பாவம், நல்ல பிள்ளை தான், காலையில கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்டான். நானும் அவன்ட ஏழு தலைமுறைக்கும் மன்னிப்புக் கேட்டன். ஏன் எண்டு அவனுக்கு விளங்கல்ல.

இருபது நிமிஷத்தால கதவு திறந்திச்சு. டைரக்டரையும் என்னையும் உள்ள கூப்பிட்டான். திரையில என்ட உப்பு வெளி. அதுக்கு நடுவில ஒரு கப்பல். இன்னும் பெயின்ற் அடிக்காத, சாம்பல் நிறப் பெட்டி மாதிரி ஒரு கப்பல் தான், ஆனா நிக்குது. கமெரா சுத்திச் சுத்திப் பறக்குது, அது இம்மியும் அசையல்ல. டைரக்டர் ரெண்டு தரம் திருப்பிப் போடச் சொன்னார். பிறகு அஸ்ஜத்ட முதுகில ஒரு அடி போட்டார். "புரொடியூசருக்கு போன் எடுக்கத்தான் போறன். வேற விசயத்துக்கு." அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வானுக்குள்ளயே சுஜூதுல விழணும் போல இருந்திச்சு, இடமில்ல.

ஆக்கள் சாமான் ஏத்தத் தொடங்கினாங்க. அஸ்ஜத் என்னோட வரம்பில வந்து குந்தினான்.  "ராத்தா, நான் உங்கள வரவேணாம் எண்டு சொன்னது..." எண்டு தொடங்கினான். "வாயப் பொத்திக்கிட்டு பிளேன்டியக் குடி" எண்டன். குடிச்சான். குடிச்சுக்கிட்டே, நான் மிச்சமா வச்ச கட்டைய எடுத்து உருட்டினான். அடியப் பாத்தான். ரிபனப் பாத்தான். பிளேன்டியக் கீழ வச்சான்.

"இது என்ட இல்ல."

"உன்ட தான். அதே ரிபன்."

"ரிபன் எல்லாக் கடையிலயும் ஒண்டுதான். நம்பர் எங்க? என்ட கட்டை எல்லாம் சீவின மரம். இது பழைய மரம், தலையில சிவப்பு பெயின்ற். பாருங்க, ரெண்டு எழுத்து வெட்டியிருக்கு." குரல் மாறிட்டு. "எங்க புடுங்கினீங்க?"

என்ட கடைசிப் பாத்தியிட மூலைக்குக் கூட்டிக்கிட்டுப் போய் ஓட்டையக் காட்டினன். அவன் அந்த ஓட்டைக்கு நேரா நிண்டு, கண்ணைச் சுருக்கிக் களப்புப் பக்கம் பாத்தான். நானும் பாத்தன். எனக்கு ஒண்டும் தெரியல்ல. அவன்ட விரல் காட்டின பக்கம் பாத்தப்போதான், தூரத்துப் பத்தைக்குள்ள ஒரு ஒறேஞ்சு. அதுக்கு அங்கால இன்னொண்டு. அதுக்கும் அங்கால ஒண்டு, தண்ணியோரத்தில. விடியக்காலையில நான் அவ்வளவு தூரம் போகல்ல.

"என்ட கட்டை ஒண்டும் வரிசையா நிக்காது ராத்தா. அங்கயும் இங்கயுமாத்தான் அடிப்பன்" எண்டான். "இது வரிசை. றோட்டில இருந்து களப்பு வரைக்கும். உங்கட ஆறு பாத்தியும் இந்த எல்லைக்கு உள்பக்கம், ஆரோ வளைக்கப் பாக்கிறாங்க."

 வாப்பாட முகம் வந்திச்சு. அடுத்த நிமிஷம் சீலைய இடுப்பில சொருகிட்டன். "விடு என்ன. ஒவ்வொண்டாப் புடுங்கி அடுப்பில வைக்கிறன்."

அவன் என்ட கையப் பிடிச்சான். "வேணாம். வாப்பாட காணிக்குக் கேட்டாங்களே, கட்டை எங்க நிண்டிச்சு எண்டு? சொல்ல நம்மகிட்ட ஒண்டும் இருக்கல்ல. இந்தத் தரம் அளப்பம். எல்லாத்தையும் அளந்து, படம் எடுத்து, நாளைக்கு விடியவே கவண்மேந்துக் கச்சேரிக்குக் கொண்டு போவம். உறுதியையும் எடுங்க. நானும் வாறன்."

வானுக்குள்ள இருந்து தினுஷன் கூப்பிட்டான், "சேர்! பெக்கப்! எல்லாரும் ஏறியாச்சு!"

"அந்த மிசின இறக்குங்க" எண்டு அஸ்ஜத் திருப்பிக் கத்தினான். "ராத்தாட காணிய அளக்கணும். ஒரு மணித்தியாலம்."

மூணு வானும் லொறியும் நிண்டிச்சு. டைரக்டரும் இறங்கி வந்து தொப்பியத் திருப்பிப் போட்டுக்கிட்டு வரம்பில குந்தினார். அஸ்ஜத் அளவுகோல என்ட கையில தந்து, அந்த ஓட்டைக்கு மேல நேரா நிப்பாட்டச் சொல்லிட்டு, மிசினுக்குப் பின்னால போய்க் குனிஞ்சான். காத்து சீலைய இழுக்குது, கண்ணில உப்பு அடிக்குது.

"ராத்தா, அசையாதீங்க!" எண்டு தூரத்தில இருந்து சத்தம் போட்டான்.

நான் அசையல்ல.